வீங்கிய மின்தேக்கி: ஒரு பழுதின் வரலாறு

கோடை நாளில் கூரையில் தொங்கும் மின்விசிறி மெல்லச் சுழலத் தொடங்கினால் நம் வீடுகளில் எவரும் கலங்குவதில்லை. "கண்டென்சர் போயிருக்கும்" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிடுவார். மின்பொருட் கடையிலிருந்து சிறு உருளை ஒன்றை வாங்கி வந்து மாட்டியதும் விசிறி பழைய வேகத்தில் ஓடும். இதற்காகப் புது விசிறி வாங்குவோர் இலர். ஆனால் அதே வீட்டில் மேசைக் கணிப்பொறி நின்றுவிட்டால் நிலைமை வேறாகிவிடுகிறது. "மதர்போர்டு போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும்" என்று கடைக்காரர் கூறுவதை நாம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோருக்கு அது சிறு செலவன்று. உண்மையிலோ, பல வேளைகளில் அங்கும் கெட்டிருப்பது விசிறியில் கெட்ட அதே இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பொருளே ஆகும்.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் பல நாடுகளிலும் கணிப்பொறிகள் இந்தச் சிறு பொருளின் பழுதால் லட்சக்கணக்கில் நின்றுபோயின. அப்பழுது ஏன் நேர்ந்தது, அதை எளிய மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்ற வரலாறு பெரிய நூல்களில் இடம்பெறுவதில்லை. எனினும் அறிந்துகொள்ளத் தக்கது. நம் கைப்பணத்தைக் காக்கவும் வல்லது.

முதலில் பெயரைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குப் பெயரிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1782-ஆம் ஆண்டில் இதனைச் 'செறிவூட்டும் கருவி' என்ற பொருள்பட அழைத்தார். 'கண்டென்சர்' என்ற பெயர் அவ்வழி வந்தது. பின்னாளில் ஆங்கிலத்தில் 'கெபாசிட்டர்' என்ற பெயர் நிலைத்தது. தமிழில் நாம் 'மின்தேக்கி' என்கிறோம். இம்மூன்றிலும் நம் சொல்லே பொருளின் பணியை நேராக உணர்த்துகிறது எனலாம். ஏரி மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி வைத்து, மதகின் வழியே வயலுக்குச் சீராக விடுகின்றதன்றோ? அவ்வாறே இக்கருவியும் மின்னோட்டம் மிகும்போது அதனைத் தேக்கிக்கொண்டு, குறையும்போது ஈடு செய்கிறது. ஏரி தூர்ந்துவிட்டால் வயல் ஒரு நாள் மூழ்கும், மறுநாள் வாடும். மின்தேக்கி கெட்டால் கணிப்பொறிக்கும் அதே கதிதான்.

இக்கருவியின் பிறப்பு 1745, 1746-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. ஜெர்மானியரான வான் கிளைஸ்ட் என்பாரும், ஆலந்து நாட்டு லைடன் நகரப் பேராசிரியரான முஸ்ஸென்புரூக்கும், ஒருவர் செய்ததை மற்றவர் அறியாமல், கண்ணாடிக் குப்பிக்குள் மின்சாரத்தைத் தேக்க முடியும் எனக் கண்டனர். அது 'லைடன் ஜாடி' என்று பெயர் பெற்றது. கருவியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகுக்குப் பிற்காலத்தில் மைக்கேல் ஃபாரடேயின் நினைவாக 'ஃபாரட்' என்று பெயரிட்டனர்.

குப்பியாக இருந்த கருவி சட்டைப்பையில் அடங்கும் உருளையாக மாறியதற்கு அலுமினியமே காரணம். அலுமினியத் தகட்டை ஒரு மின்பகு திரவத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகும். அது மின்சாரத்தைத் தடுக்கும். அப்படலத்தையே கண்ணாடிக்கு மாற்றாகக் கொள்ளலாம் எனக் கண்டவர் போலந்து நாட்டவரான கரோல் போல்லாக். அவருடைய காப்புரிமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பதிவாயிற்று. 1920-களில் அமெரிக்கரான சாமுவேல் ரூபன், திரவம் ததும்பாத, கூழ் போன்ற மின்பகு பொருளைக் கொண்டு இதனை மேலும் கைக்கு அடக்கமாக்கினார். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் வானொலிப் பெட்டிகள் பரவுவதற்கு இவ்வகை மின்தேக்கிகள் பெருந்துணை புரிந்தன. வால்வு வானொலிப் பெட்டியில் பாட்டினூடே 'உம்' என்ற இரைச்சல் எழுந்தால், மின்தேக்கி உலர்ந்துவிட்டது எனப் பழைய மெக்கானிக்குகள் காதால் கேட்டே அறிந்தனர். அதை மட்டும் மாற்றிப் பெட்டியைப் பாட வைத்தனர். ஆகவே மின்தேக்கியை மாற்றிப் பொறியைப் பிழைக்க வைக்கும் கலை கணிப்பொறிக்கு முன்பே நம் நாட்டில் வேரூன்றியிருந்தது.

உருளையின் உள்ளே இருப்பது என்ன? இரண்டு அலுமினியத் தாள்கள். அவற்றினிடையே மின்பகு திரவத்தில் நனைந்த காகிதம். இவற்றைப் பாயைப் போல் சுருட்டி அலுமினியக் கூட்டில் இட்டு, அடியை ரப்பரால் அடைத்துவிடுகிறார்கள். ஒரு தாளின் மேல் உள்ள ஆக்சைடுப் படலமே மின்தேக்கியின் உயிர். கணிப்பொறியில் பயன்படும் சிறு மின்னழுத்த வகைகளில் அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கே. படலத்தில் சிறு கீறல் விழுந்தால், திரவமும் மின்சாரமும் சேர்ந்து அதனை மீண்டும் ஆக்சைடாக்கி மூடிவிடும். திரவம் நல்லதாக இருக்கும் வரை காயம் தானே ஆறும். திரவம் தீயதாகிவிட்டால் அதுவே நோயாகிவிடும்.

இனி 1990-களுக்கு வருவோம். கணிப்பொறியின் மையச் செயலி ஆண்டுதோறும் வேகம் பெற்றது. அதற்குத் தேவையான மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. மின்னோட்டமோ பத்துக்கணக்கான ஆம்பியராக ஏறியது. இம்மாற்றத்தைச் செய்து தரும் பகுதி, தாய்ப்பலகை எனப்படும் மதர்போர்டில் செயலியின் பக்கத்திலேயே அமைந்தது. அது நொடிக்கு லட்சக்கணக்கான முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. அந்த அலைகளை அடக்கிச் சீராக்குபவை சுற்றிலும் காவலர்போல் நிற்கும் மின்தேக்கிகள். இப்பணிக்கு உட்தடை மிகக் குறைந்த மின்தேக்கிகள் வேண்டும். உட்தடை மிகுந்தால் அவை தாமே சூடேறி அழியும்.

உட்தடையைக் குறைக்க ஜப்பானிய நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. மின்பகு திரவத்தில் நீரின் பங்கை மிகுதியாக்கினர். நீர் மலிவானது; மின்சாரத்தை நன்கு கடத்த உதவுவது. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. நீர் அலுமினியத்தை அரிக்கும். அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆதலின் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சரியான அளவில் கலக்க வேண்டும். திரவத்தின் இரகசியம் முழுவதும் அக்கலவையில்தான் இருந்தது.

இங்கேதான் பழுதின் கதை தொடங்குகிறது. 2002-ஆம் ஆண்டில் தொழில் இதழ்களிலும், 2003-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கப் பொறியாளர்களின் 'ஸ்பெக்ட்ரம்' இதழிலும் ஒரு செய்தி வெளியாயிற்று. ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய விஞ்ஞானி ஒருவர் அங்கிருந்து விலகிச் சீனாவில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து அத்தகைய திரவத்தைச் செய்தார் என்றும், அவருக்குக் கீழ்ப் பணியாற்றியோர் அந்தக் குறிப்பைத் தைவானுக்குக் கொண்டு சென்றனர் என்றும், கொண்டு சென்ற குறிப்பில் காப்புப் பொருள்கள் விடுபட்டுப் போயின என்றும் அவ்விதழ்கள் எழுதின. 'அரைக் கல்வி முழு மொட்டை' என்பார்கள் நம் பெரியவர்கள். களவாடிய கல்வியும் அரைக் கல்வியாக அமைந்துவிட்டது போலும்.

இச்செய்தியை அப்படியே முழு உண்மையாகக் கொள்வது வரலாற்று நோக்குக்குப் பொருந்தாது. இதழ்கள் கூறியது ஒரு காரணம். அதற்கு வலுவூட்டும் சான்றும் உண்டு. கெட்டுப்போன மின்தேக்கிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, இருக்க வேண்டிய காப்புப் பொருள்கள் குறைந்தோ இல்லாமலோ இருந்ததை அறிந்தனர். ஆனால் பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனத்தின் மின்தேக்கிகளும் அதே ஆண்டுகளில் வேறு குறைகளால் கெட்டன. பொறிகளின் உள்ளே வெப்பம் மிகுந்து வந்ததும், விலையைக் குறைக்க உற்பத்தியாளர்கள் போட்டியிட்டதும் உடன்சேர்ந்த காரணங்கள். எந்தப் பெரிய பழுதுக்கும் ஒரே குற்றவாளியைத் தேடுவது எளிது. பல காரணங்களை வகைப்படுத்தி அறிவதே பயன் தருவது.

விளைவு மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை இப்பழுது நீடித்தது. புதிதாக வாங்கிய கணிப்பொறிகள் ஓரிரு ஆண்டுகளில் தாமே அணைந்து எழுந்தன. பின்னர் எழாமலே போயின. திறந்து பார்த்தால் மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. சிலவற்றில் பழுப்பு நிறக் கசிவு உறைந்திருந்தது. உருளையின் தலையில் கூட்டல் குறி போன்றோ, ஆங்கில 'கே' எழுத்தைப் போன்றோ கீறல்கள் இருப்பதை நாம் காணலாம். அவை அழகுக்காக அமைந்தவையல்ல. உள்ளே வாயு பெருகினால் உருளை வெடிக்காமல் அக்கீறல் வழியே திறந்துகொள்வதற்காக அமைந்தவை.

தாய்ப்பலகை செய்யும் நிறுவனங்களில் தைவானின் அபிட் நிறுவனம் தன் பலகைகளில் இக்குறை இருந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. டெல் நிறுவனம் தன் ஆப்டிப்ளெக்ஸ் வகைக் கணிப்பொறிகளைச் செப்பனிடும் பொருட்டு 2005-ஆம் ஆண்டில் 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அந்நிறுவனம் அனுப்பியவற்றுள் ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம் பொறிகள் பழுதடையக் கூடியவை என்பது, 2010-ஆம் ஆண்டில் ஒரு வழக்கின் ஆவணங்கள் வெளியானபோது தெரியவந்தது. ஆப்பிள் நிறுவனமும் 2005-ஆம் ஆண்டில் தன் ஐமேக் ஜி5 பொறிகளுள் குறிப்பிட்டவற்றைக் கட்டணமின்றிச் செப்பனிடும் திட்டமொன்றை அறிவித்தது.

பெரிய அலுவலகங்களுக்கு இத்தகைய ஈடு கிடைத்தது. தனி மனிதர் நிலை அவ்வாறில்லை. நம் நாட்டில் அந்நாளில் உதிரிகளை வாங்கி அசெம்பிள் செய்த கணிப்பொறிகளே வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் பெருவழக்காக இருந்தன. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு பழுது வந்தால் கேட்பாரில்லை. நம் நாட்டுக் கோடையும் பகைவனுக்குத் துணை நின்றது. மின்தேக்கியின் சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொது விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட உருளை, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். 75 டிகிரியிலோ 16,000 மணி நேரமே. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் என்று கணக்கிட்டால், முன்னது எட்டரை ஆண்டுக்கு மேல்; பின்னது நான்கரை ஆண்டுக்கும் குறைவு. தூசி அடைந்த ஒரு சிறு விசிறி நான்கு ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

இந்நிலையில் கைகொடுத்தவர்கள் தில்லியில் நேரு பிளேஸ், செங்கோட்டைக்கு எதிரில் உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட், மும்பையில் லாமிங்டன் சாலை, கொல்கத்தாவில் சாந்தினி, பெங்களூரில் எஸ். பி. சாலை, சென்னையில் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் சிறு மேசையிட்டு அமர்ந்த தொழிலாளரே. வடநாட்டு மெக்கானிக் பலகையை ஒரு முறை பார்த்து, "கெபாசிட்டர் ஃபூல் கயா" என்பார். அச்சொல்லுக்கு இந்தியில் 'வீங்கிவிட்டது' என்றும் பொருள். 'பூத்துவிட்டது' என்றும் பொருள். அவர் கூறுவது வீக்கத்தையே; ஆயினும் கீறல் வழியே நான்கு இதழாகப் பிளந்து நிற்கும் உருளையைக் கண்டவர்க்கு இரண்டாவது பொருளும் பொருத்தமாகவே தோன்றும்.

அவர்கள் செய்யும் பணியின் முறையை நாம் தெரிந்துகொள்வது நன்று. நாமே செய்யாவிடினும், செய்பவரிடம் சரியாகக் கேட்க அது உதவும்.

முதலாவது, மாற்று உருளையைத் தேர்வது. கொள்ளளவு பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். சற்று மிகுந்தால் தவறில்லை. மின்னழுத்தம் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், ஒருபோதும் குறையலாகாது. 1,500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்றிருந்த இடத்தில் அதே கொள்ளளவுள்ள 10 வோல்ட் உருளையை இடலாம். அது 105 டிகிரி தாங்குவதாகவும், எல்லாவற்றினும் மேலாக, உட்தடை குறைந்த வகையாகவும் இருத்தல் வேண்டும். பருமனும் கால்களின் இடைவெளியும் பழையதை ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் பலகையில் அமராது. சாதாரண வகை உருளையை இட்டாலும் பொறி எழும். சில மாதங்களில் மீண்டும் விழும். தொழிற்சாலையில் அரைகுறைக் குறிப்பால் நேர்ந்த தவறு, அரைகுறைச் செப்பத்தால் மேசையிலும் நேர்ந்துவிடும்.

இரண்டாவது, பழையதைக் கழற்றுவது. மின்னிணைப்பை நீக்கி, பலகையை வெளியே எடுத்து, வட்டப் பேட்டரியையும் அகற்றிவிட வேண்டும். உருளையின் பட்டை போட்ட பக்கம் எதிர்முனை. எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்பதை முதலில் தாளில் வரைந்து கொள்ள வேண்டும். பலகையில் அச்சிட்ட குறியை மட்டும் நம்பலாகாது. எல்லா நிறுவனங்களும் ஒரே குறியை ஒரே பொருளில் வழங்குவதில்லை. முனை மாற்றி இட்ட உருளை சூடேறி வெடிக்கும்.

தாய்ப்பலகை பல அடுக்குகளால் ஆனது. உள்ளே உள்ள செம்புத் தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஆகையால் வானொலிக்குப் பயன்பட்ட 25 வாட் சால்டரிங் அயர்ன் இங்குப் போதாது. 60 வாட் அளவுள்ளது நன்று. பழைய ஈயத்தின் மேல் சிறிது புதிய ஈயம் சேர்த்தால் இளகுதல் எளிதாகும். ஒரு காலைச் சூடாக்கி உருளையைச் சற்றே சாய்த்து, பிறகு மறுகாலைச் சூடாக்கி மறுபுறம் சாய்த்து, மெல்ல வெளியே எடுக்க வேண்டும். பலவந்தமாக இழுத்தால் துளையின் உட்சுவரில் உள்ள செம்புப் பூச்சு பெயர்ந்து வந்துவிடும். அதன் பின்னரே பலகை உண்மையில் கெட்டுப்போகிறது. துளையில் தங்கிய ஈயத்தைச் செம்புப் பின்னலாலோ, துருப்பிடிக்காத எஃகு ஊசியாலோ நீக்கலாம்; அவ்வெஃகில் ஈயம் ஒட்டாது. புதியதை முனை பார்த்துச் செருகி, பற்றவைத்து, மிகுந்த காலை நறுக்கிவிட்டால் பணி முடிந்தது. ஒரே வகை உருளைகள் ஐந்தில் இரண்டு வீங்கியிருந்தால் ஐந்தையும் மாற்றுவதே சிக்கனம். எஞ்சிய மூன்றும் அதே நோய் உடையவை.

ஓர் எச்சரிக்கை. தாய்ப்பலகையில் உள்ளவை சிறு மின்னழுத்தத்தில் இயங்குபவை. ஆனால் மின்சாரம் வழங்கும் பெட்டிக்குள் உள்ள பெரிய மின்தேக்கி, இணைப்பை நீக்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக் கூடும். பழக்கமில்லாதவர் அப்பெட்டியைத் திறக்கலாகாது.

இவ்வாறு சில ரூபாய் விலையுள்ள பத்து உருளைகளும் ஒரு மணி நேர உழைப்பும் ஒரு கணிப்பொறியைக் காத்தன. இதைக் கற்றவர்கள் தாம் கற்றதை மறைக்கவில்லை என்பது இவ்வரலாற்றில் போற்றத்தக்க பகுதி. எந்தப் பலகையில் எந்த உருளை, எதற்கு எது மாற்று என்ற பட்டியல்களை உலகெங்கும் உள்ள செப்பனிடுவோர் ஒருவருக்கொருவர் விலையின்றி வழங்கினர். மறைத்து வைத்த அறிவு பாதியாகக் களவு போய்ப் பழுதை விளைத்தது என்றால், பகிர்ந்த அறிவு அப்பழுதைத் தீர்த்தது.

பின்னர்த் தொழிலும் திருந்தியது. திரவத்துக்கு மாற்றாகத் திடப் பொருளைக் கொண்ட பாலிமர் மின்தேக்கிகள் 2007-ஆம் ஆண்டை ஒட்டித் தாய்ப்பலகைகளில் பரவலாயின. உலர்வதற்கும் கசிவதற்கும் அவற்றில் திரவம் இல்லை. ஆயினும் பழைய வகை மறைந்துவிடவில்லை. மின்வழங்கு பெட்டி, தொலைக்காட்சி, எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றுள் அது இன்றும் பணி செய்கிறது, இன்றும் கெடுகிறது. அதே காலத்தில் வேறொரு மாற்றமும் வந்தது. 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. பழைய பற்றீயம் 183 டிகிரியில் இளகியது; காரீயமற்ற புதியது இளக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். நலவாழ்வுக்கு நன்மை செய்த இம்மாற்றம், செப்பனிடுவோர் கையில் மேலும் பொறுமையை வேண்டுகிறது.

தூக்கி எறிந்த பலகைகள் எங்கே போகின்றன என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தில்லியில் வாழும் நம்மவர்க்குச் சீலம்பூர் தொலைவில் இல்லை. அங்கும் உத்தரப் பிரதேசத்து முராதாபாத்திலும் ஏழைத் தொழிலாளர் பலகைகளை உடைத்தும், அமிலத்தில் இட்டும், எரித்தும் செம்பையும் பொன்னையும் பிரித்து வந்தனர். அவ்வேலையின் நச்சுப் புகை அவர்கள் குடும்பங்களையே முதலில் சேர்ந்தது. மின்னணுக் கழிவுகளுக்கான தனி விதிகள் 2012 மே முதல் நாட்டில் நடைமுறைக்கு வந்தன. திருத்திய புதிய விதிகள் 2023 ஏப்ரலில் வந்தன. பொருளைச் செப்பனிட்டுக்கொள்ளும் உரிமையை ஆராய 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள், தேசிய நுகர்வோர் நாளன்று, அதற்கென ஓர் இணைய வாயிலும் திறக்கப்பட்டது.

சட்டம் உரிமையைத் தரலாம்; அதைப் பயன்படுத்தும் அறிவை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். இனி ஒரு கடைக்காரர், "போர்டு போய்விட்டது" என்று கூறும்போது, "மின்தேக்கிகளைப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்போம். எல்லாப் பலகையும் பிழைக்கும் என்று கூற இயலாது. பிழைக்கக் கூடியது எது என்று பார்த்த பின்னரே கைவிடுவது, பொருளுக்கும் நன்று. அதை உடைத்துப் பிழைக்கும் ஏழைக்கும் நன்று.